பதின்மூன்று மீட்டர் ரப்பர்

மே 12, திங்கள்

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். அந்த லுங்கி துவைத்த லுங்கிதான்.

எங்கள் பாய்ப்படகு கிளப்பின் ஆண்டு விழாவில் கொடிக் கயிற்றை இழுத்ததும், கொடிக்குப் பதிலாகக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று தூத்துக்குடிக் காற்றில் படபடத்தது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. லுங்கிக்குச் சொந்தக்காரரான செயலாளர் ரத்னவேல் சார் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக ஒரு பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குப் பத்து நாள் தண்டனையா? வகுப்புக்கு ஒரு நாள் வீதமா?

தண்டனை இது: கிளப்பின் பெரிய படகு ‘நீலவேணி’யைச் சுற்றி, இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடுகிறது. படகு துறைமுகச் சுவரில் உரசும்போது படகுக்குப் பதிலாக அடி வாங்குவது அதன் உத்தியோகம். வாங்கி வாங்கி வெடித்துப்போய்விட்டது. அதைப் பிடுங்கி, அது பதிந்திருந்த அலுமினியத் தடத்தைச் சுத்தம் செய்து, புதுப் பட்டை போடும் வேலையில் நான் கூட நிற்க வேண்டும். வேலை முடியும்வரை நீலவேணியில் என் இடத்தில் சாரின் அக்கா மகன் அஸ்வின் உட்காருவான்.

படகுக்குப் பட்டை. எனக்கு நாமம்.

வரும் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை துறைமுகக் கோப்பைப் போட்டி. முன்பாயின் கயிறு என் கையில் இல்லாமல் நீலவேணி போகக் கூடாது. இதை எழுதி வைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

கஸ்பார் அண்ணனோடு முதல் நாள். கிளப்பின் படகுகளைப் பழுது பார்ப்பவர். இருபத்தெட்டு வயது. சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுபோல ஒரு முகம். மூன்று மாதத் தற்காலிக வேலை. இந்த 31ஆம் தேதி நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவாகும்.

“இந்தா, ஸ்க்ரூ டிரைவர். நெம்பு.”

“எங்கன நெம்ப?”

“எங்கன கறுப்பா இருக்கோ அங்கன.”

“இப்ப என் கைதான் கறுப்பா இருக்கு.”

“அதையும் சேத்து நெம்பு.”

பழைய ரப்பர் வெயிலில் வெந்து வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு சாண் இழுத்தால் நாலு விரற்கடை கையோடு வருகிறது, மீதி அலுமினியத் தடத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“ஏட்டி, கதவத் தொடாத! காலால தள்ளிட்டு வா.”

பெற்ற மகளைக் காலால் கதவு திறக்க வைத்த தாய் இந்தத் தெருவில் வேறு யாராவது உண்டா?

மே 15, வியாழன்

தின்னரும் பழைய துணியும். படகின் வெள்ளை உடம்பில் பட்டை விட்ட கறுப்புத் தீற்றல்களைத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க அழுக்கு இடம் மாறுகிறதே தவிர ஊரைவிட்டுப் போகவில்லை. தின்னர் வாசனையில் தலை சுற்றுகிறது. உட்கார்ந்தால், “என்ன, அபிஷேகம் முடிஞ்சிட்டா?” என்கிறார் கஸ்பார் அண்ணன்.

நீலவேணி கரையில் ட்ராலி மேல் நிற்பதால் பயிற்சிக்குச் சின்னப் படகை எடுக்கிறார்கள். சுக்கான் பிடிக்கும் ஷைனி, என் ஆருயிர்த் தோழி, ஐஸ் தின்றுகொண்டே வந்து நின்றாள்.

“அஸ்வின் பரவால்லட்டி. கயிற டக்குனு விடுதான்.”

“நாளைக்குக் கப்பல் வேலைக்குப் போனா உன்னையும் டக்குனு விடுவான்.”

எனக்கு ஒரு வாய் ஐஸ் தரவில்லை. கை அழுக்காம். வாய் சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். அதுதான் இருப்பதிலேயே அழுக்கு என்றாள்.

மே 17, சனி

பல் துலக்கும் பிரஷால் பதின்மூன்று மீட்டர் அலுமினியத் தடம். என் பல்லுக்கே இவ்வளவு மரியாதை நான் செய்ததில்லை.

மே 20, செவ்வாய்

புது ரப்பர் வந்துவிட்டது. கொச்சியிலிருந்து பார்சல். இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்தது இன்றுதான் வந்து சேர்ந்தது. பாயைப்போலச் சுருட்டியிருந்தார்கள். பிரித்துச் சிமெண்டுத் தரையில் வெயிலில் போட்டோம். காலையில் முறுக்கிக்கொண்டு கிடந்தது, பத்து மணிக்கு விறைப்பை விட்டது, பன்னிரண்டுக்கு இடியாப்பம்.

“வியாழக்கிழம மாட்டுவோம்,” என்றார் கஸ்பார் அண்ணன். “ஒண்ணு சொல்லுதேன். மாட்டும்போது இழுக்கக் கூடாது. தள்ளணும். சோப்புத் தண்ணியத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் தடத்துக்குள்ள தள்ளு.”

“இழுத்தா வேகமா முடியுமே?”

“முடியும். உன் சோலியும் முடியும். சூட்டுல இழுத்தா நீளும், குளுந்தா சுருங்கும். மாட்டி முடிச்சு, மிச்சம் தொங்குறத அப்பிடியே விட்டுரணும். ராத்திரி பூரா குளுந்து, மறுநா காலைலதான் வெட்டணும்.”

வியாழன் மாட்டி, வெள்ளி வெட்டி, நுனிக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டால், படகு சனிக்கிழமைதான் தண்ணீரில் இறங்கும். ஆனால் போட்டிக்கு முந்திய கடைசிப் பயிற்சி வியாழக்கிழமை நாலு மணிக்கு. அதில் யார் உட்காருகிறார்களோ அவர்களே ஞாயிற்றுக்கிழமையும் என்று சார் சொல்லிவிட்டார்.

ஒரு ரப்பர் குளிர்வதற்காக ஒரு மனுஷி காத்திருக்க வேண்டும். நல்ல நியாயம்.

மே 22, வியாழன்

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். இடது பின்மூலையிலிருந்து கிளம்பி, மூக்கைச் சுற்றி, வலது பக்கம் பாதி தாண்டியபோது மணி பதினொன்று. நான் தள்ளினேன், அவர் மரச்சுத்தியலால் தட்டினார். இன்னும் மூன்று மீட்டர்தான். அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது.

பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை கஸ்பார் அண்ணன் எங்கே போனார் என்று நான் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டேன். அவர் எங்கும் போகவில்லை. எங்கும் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, “ஏட்டி, எதையும் தொடாத, நிழல்ல உக்காரு,” என்று சொல்லிவிட்டுப் பறந்தார். எங்கும் போகாமல் திரும்பி வந்தபோது அவர் மேல் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. சட்டைப் பையிலிருந்த மாத்திரைக் கவரில் ‘செலின்’ என்று எழுதியிருந்தது. செலின் அக்கா அவர் மனைவி. ஏழாவது மாதம்.

தற்காலிக ஆட்களுக்கு மூன்று மாதமும் லீவே கிடையாது என்று கிளப்பில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் எங்கும் போகவில்லை.

இடையில் வேலை முடிந்தது. எப்படி என்று கேட்டால்: நன்றாக. பட்டை பளபளவென்று மூலைவரை வந்து, பிளாஸ்டிக் மூடி போட்டு, இரண்டு திருகாணியும் ஏறியிருந்தது.

கஸ்பார் அண்ணன் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போன நேரத்தில் ரத்னவேல் சாரின் கார் வந்துவிட்டது.

“அட! இன்னிக்கே முடிச்சிட்டியா கஸ்பார்? வெரி குட். இறக்குங்க, இறக்குங்க, பிராக்டிஸுக்கு எடுத்துரலாம்.”

பாராட்டு வரும்போது யார்தான் குறுக்கே பேசுவார்கள்?

நாலு மணிக்கு நீலவேணி கடலில். முன்பாயின் கயிறு என் கையில். அஸ்வின் கரையில். தென்கிழக்குக் காற்று, நுரை, ஷைனியின் கத்தல், என் கத்தல். பத்து நாளில் இன்றைக்குத்தான் மூச்சு விட்டேன்.

மே 23, வெள்ளி

இந்த உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருந்தால் அது இன்று லீவில் இருந்தது. நிரந்தர ஊழியராக இருக்கும்.

காலை எட்டு மணிக்குப் போகிறேன். நீலவேணியின் வலது பின்மூலையில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். பட்டை மூடியைவிட்டு உருவிக்கொண்டு ஒரு சாண் தூரம் உள்ளே போய்விட்டது. மூடி தனியாக, பல் விழுந்த வாய்போல. நடுவில் அலுமினியம் கூராகப் பல்லிளிக்கிறது.

சுருங்கச் சொன்னால், சுருங்கிவிட்டது.

“இதுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தோம்!” சாருக்குக் கழுத்துவரை சிவந்திருந்தது. “வேற ரப்பர் கிடையாது. நாளன்னிக்குப் போட்டி. சூட்டோட வெட்டக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா கஸ்பார்?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே வெட்டினியா?”

அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதானே பொறுப்பு? நீதானே பக்கத்துல நின்ன?”

“நான்தான் சார் பொறுப்பு.”

“முப்பத்தொண்ணோட நிறுத்திக்கலாம். வேற எடம் பாத்துக்க.”

எவ்வளவு பெரிய அநியாயம்! பத்து நாள் தின்னரில் முகம் கழுவிய மனிதரை ஒரு சாண் ரப்பருக்காக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வார்த்தை விசாரித்தார்களா? யாரோ வெட்டியிருக்கலாம் அல்லவா? நல்ல எண்ணத்தில்கூட வெட்டியிருக்கலாம். ரப்பர்மீதும் தப்பு இருக்கிறது. சுருங்குகிற பொருளைப் படகுக்கு விற்கிற கொச்சிக்காரன்மீதும்தான்.

நான் ஏன் பேசவில்லை என்றால், என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று போன வாரம் இதே சார்தான் எனக்குப் புத்தி சொன்னார்.

எல்லோரும் போனபிறகு அண்ணனிடம் போய்க் கத்தினேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீய? நான் வெட்டலன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா அப்ப யாரு வெட்டுனான்னு கேப்பாவ. அப்ப நீ எங்கன இருந்தன்னு கேப்பாவ. பதினாறு வயசுப் பொண்ணு கைல கத்திய விட்டுட்டு நாலு மணி நேரம் வெளிய சுத்தப் போனேன்னு சொல்லவா?”

“சுத்தவா போனீய?”

“எங்க போனாலும் போனதுதானட்டி.”

பிறகு ஒரு பழைய டயரை எடுத்துவந்து, அந்த ஒரு சாண் இடத்துக்கு ரப்பர் அறுக்க உட்கார்ந்தார். பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி விடாத மனிதர். இது ஒரு வகைக் கொடுமை.

மே 24, சனி

நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது, வலிக்கட்டும்.

காலை ஒன்பது மணிக்குச் சாரின் அறைக்குள் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போன வசனம்.

“சார், பட்டைய வெட்டுனது நான்.”

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “அதானே பாத்தேன்.”

கொதித்துவிட்டது எனக்கு. ஒரு ஆதாரம் கேட்க வேண்டாமா? ‘சேச்சே, நீயா?’ என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா? இந்த ஊரில் என் பொய்யை நம்ப ஆள் கிடைப்பதில்லை. உண்மையை மட்டும் சொல்லி முடிக்குமுன் நம்பிவிடுகிறார்கள்.

உண்மை அந்த ஒரு வரிதான். அடுத்து வந்தது என் சொந்தச் சரக்கு.

“கஸ்பார் அண்ணன் குழாயில கை கழுவப் போனாவ சார். ரெண்டே நிமிஷம். வெட்டாதன்னு சொல்லிட்டுத்தான் போனாவ. அதுக்குள்ள நான் டப்புனு வெட்டி மூடியும் போட்டுட்டேன்.”

“ரெண்டு நிமிஷத்துல?”

“வேகமான புள்ளன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க சார்.”

“லுங்கி விஷயத்துல சொன்னேன்.” பேப்பரை மடித்தார். “அவன் ஏன் நேத்தே சொல்லல?”

“என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு.”

நல்ல பொய். மூலை முடுக்கெல்லாம் தேய்த்துச் சுத்தம் செய்த பொய். சார் யோசித்தார். அவர் முகம் இளகுவதைக் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு கஸ்பார் அண்ணன் உள்ளே வருகிறார்!

“சார், ஒரு விசயம் சொல்லணும். வியாழக்கிழம நான் எடத்துல இல்ல. பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் வெளிய போயிட்டேன். புள்ள தனியாத்தான் இருந்துச்சு.”

நான் கண்ணைக் காட்டினேன். இருமினேன். அவர் காலை மிதித்தேன்.

“ஏட்டி, மிதிக்காத,” என்றார் அண்ணன், சாருக்குக் கேட்கும்படி.

சார் நாற்காலியில் சாய்ந்தார். “இவ சொல்றா, நீ குழாயடிக்குப் போனேன்னு. நீ சொல்ற, நாலு மணி நேரம் ஆளே இல்லேன்னு. எது நிஜம்?”

“நான் சொல்லுததுதான் சார்,” என்றோம். இருவரும், ஒரே நேரத்தில்.

அப்புறம் அண்ணன் சொன்னார். செலின் அக்கா வியாழக்கிழமை காலை தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்திருக்கிறார். பிரஷர் எகிறியிருந்ததாம். மாத்திரை கொடுத்து, மூன்று மணிக்கு அனுப்பினார்களாம்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமேப்பா.”

“லீவு கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதி வாங்குனீய? கேட்டா அன்னைக்கே வேல போயிரும்னு நெனச்சேன்.”

“அது விதி. கமிட்டி போட்டது. எனக்காகவா போட்டேன்?”

இதற்குமேல் என்னால் முடியவில்லை. “சார், கமிட்டியில யாருக்காவது வயித்துல புள்ள இருக்கா?”

“ஜெர்லின்!”

“இல்ல சார், கேக்குதேன். படகு சுவத்துல இடிச்சாக்கூட அடி தாங்க ரப்பர் பட்டை வாங்கிப் போடுதோம். இவுகளுக்கு ஒரு நாள் லீவுகூடக் கிடையாதா? ஒரு நாளுக்குக் கடல் வத்திருமா?”

அண்ணன் என் காலை மிதித்தார். நியாயமான மிதிதான்.

சார் மடித்த பேப்பரை ஓரமாகத் தள்ளினார். அப்புறம் தீர்ப்பு. எனக்கு: நாளைப் போட்டியில் இடம் இல்லை. அஸ்வின் உட்காருவான். வெட்டியதற்குப் பாதி, பொய்க்குப் பாதி. அண்ணனுக்கு: வேலை போகவில்லை, ஆனால் நிரந்தரமும் இல்லை. சொல்லாமல் போனது போனதுதான். ஆகஸ்ட் 31வரை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்.

“சரி சார்,” என்றார் அண்ணன் உடனே.

என்ன சரி? மேசையை ஒட்டிப் போய் நின்றுவிட்டேன். “புள்ள பொறக்குறதே ஆகஸ்ட்லதான் சார். அதே விதிதானே அப்பவும்? அன்னைக்கும் எங்கயும் போகாம போகணுமா?”

சாருக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரிந்திருக்காது. ஆனால் முன்பாதி புரிந்தது. ரிஜிஸ்டரை இழுத்தார்.

“ஒரு நாள் போட்டுக்கறேன்.”

“ஒரு நாள்ல பொறக்கத்தான் முடியும் சார். பேரு வைக்க வேண்டாமா?”

“மூணு.”

“சிசேரியன்னா?”

“ஏய், நீ வக்கீலா, குற்றவாளியா? ஒரு வாரம். கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். வெளிய போ.”

எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போனேன். மை காயும்வரை நின்றேன். அவர் ரொம்ப நேரமாகக் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். “எம்புட்டு அழகா ஒரு பொய்ய ஜோடிச்சி வச்சிருந்தேன்! இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சி வந்திருந்தா உங்களுக்கு நிரந்தரம் ஆயிருக்கும்.”

“உங்கிட்ட யாருட்டி பொய் சொல்லச் சொன்னா?”

“உங்ககிட்ட யாரு உண்மைய சொல்லச் சொன்னா?”

அவர் நீலவேணிக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நாளைக்குப் போட்டியில் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன். “தைலம் போடு,” என்றாள். இவள் ஒருத்திதான் நான் சொல்லும் பொய்யை மரியாதையாக நம்புகிறாள்.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து நேராகத் துறைமுகச் சுவருக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நீலவேணி இரண்டாவதாக வந்தது. இரண்டாவது! கடைசித் திருப்பத்தில் அஸ்வின் கயிற்றை ஒரு நொடி தாமதமாக விட்டான். அந்த ஒரு நொடி என் நொடி. சுவரில் நின்றுகொண்டே நான் கயிற்றை விட்டேன், சரியான நேரத்தில், வெறுங்கையால். பக்கத்தில் கடலை தின்ற பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஷைனி கரையேறியதும், “நீ இருந்திருக்கணும்ட்டி,” என்றாள். தெரியும் என்றேன். கைதட்டினேன். இரண்டு தட்டு. அது போதும்.

எல்லோரும் கோப்பையைப் பார்க்கப் போய்விட்டார்கள். படகைக் கட்டிக்கொண்டிருந்த கஸ்பார் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். பின்மூலையில் டயர்த் துண்டு, சட்டைக் கிழிசலில் வேறு கலர் துணி தைத்தது மாதிரி இருந்தது. படகு அலையில் ஏறி இறங்கிச் சுவரில் இடித்தது. துண்டு அசங்கவில்லை. செலின் அக்கா எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கா, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காவ, மீன்குழம்பு வாயில வைக்க முடியல என்றார்.

கயிற்றை முடிந்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“ஜெர்லின், உண்மையச் சொல்லு. வெட்டக் கூடாதுன்னு உனக்கு நல்லாத் தெரியும். பின்ன எதுக்கு வெட்டுன?”

வாயில் நாலைந்து பதில் தயாராக இருந்தது. எல்லாமே நல்ல பதில்கள். சிரித்திருப்பார்.

“நீங்க போனப்பறம் கை சும்மா இருக்கல அண்ணே. தள்ளித் தள்ளிப் பாத்தேன், நகரல. இழுத்தேன், சரசரன்னு வந்துச்சு. ஒண்ணரை முழம் மிச்சம் தொங்குச்சு. நாலு மணிக்கு முன்னால முடிச்சா என் எடம் எனக்குக் கிடைச்சிரும்னு வெட்டிட்டேன். வெட்டுன துண்டக் கடல்ல போட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் டயர்த் துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இதுக்கா? நான் என்னமோ பெரிய காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

“நானும்தான்,” என்றேன்.